எறிந்தது எங்கே விழும்

சி லைப்ரரியின் ஃபங்ஷன்கள் எக்ஸெப்ஷன் எறியக் கூடாது என்று சி++ தரநிலை ஒரு விதி வைத்திருக்கிறது. கையோடு ஒரு விலக்கும் தருகிறது. நாம் எழுதிக் கொடுத்த ஃபங்ஷனை அந்த லைப்ரரி கூப்பிட்டு, நம்முடையது எறிந்தால், அது லைப்ரரியைக் கடந்து வெளியே வரலாம். இந்த விலக்கில் அடங்குபவையாக இரண்டு பெயர்களைத் தரநிலை எடுத்துச் சொல்கிறது: வரிசைப்படுத்தும் க்யூசார்ட், தேடிக் கொடுக்கும் பிசர்ச்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று நம்பி ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்க்கலாம். க்யூசார்ட்டுக்கு ஓர் ஒப்பீட்டு ஃபங்ஷன். பழுதான பதிவு ஒன்றைக் கண்டால் அது எறியும். பிடிப்பதற்கு மெயினில் ஒரு கேட்ச். 64 பிட் இன்டெல் கணினி, டெபியன் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர். எறிந்ததை மெயின் பிடிக்கிறது, செய்தியை அச்சிடுகிறது, வேலை தொடர்கிறது. அதே மூலநிரலை அதே ஜிசிசியில், அதே லினக்ஸ் கெர்னலில், ஜிலிப்சி என்ற சி லைப்ரரிக்குப் பதிலாக மசல் என்ற இன்னொன்றோடு இணைத்தால், அந்த லைப்ரரியை அதன் இயல்பான அமைப்பில் கட்டியிருந்தால், நிரல் சிக்அபார்ட் வாங்கிக்கொண்டு செத்துப்போகிறது. கேட்ச் எழுதிய இடத்தில்தான் இருக்கிறது. எறிந்த வகையும் பிடிக்கும் வகையும் ஒன்றே. மாறியது நடுவில் இருந்தவர் மட்டும். எறியவும் பிடிக்கவும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், சொன்ன வேலையாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவர்.

எறிந்தவுடன் அன்வைண்டர் என்ற துணைநிரல் ஸ்டாக்கில் பின்னோக்கி நடக்கத் தொடங்குகிறது. வழியில் பார்க்கும் ஒவ்வொரு ஃபங்ஷனிடமும் அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். உன்னைக் கூப்பிட்டவர் யார், அவருடைய ரெஜிஸ்டர் மதிப்புகளை எங்கே பத்திரப்படுத்தியிருக்கிறாய்? இந்த வகையைப் பிடிக்கும் கேட்ச் உன்னிடம் உண்டா? முதல் கேள்விக்கான விடை ஈஎச் ஃப்ரேம் என்ற அட்டவணையில் இருக்கிறது. கம்பைலர் அதைப் பிழைத்திருத்திகளுக்காகப் பிறந்த டுவார்ஃப் வடிவத்தை ஒட்டி எழுதி, ஓடும் நிரலுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அந்தந்த மொழியின் பெர்சனாலிட்டி ரொட்டீனுடையது.

நடை ஒன்றல்ல, இரண்டு. முதல் சுற்றில் அன்வைண்டர் எதையும் தொடாமல் கேட்டுக்கொண்டே போகும். பிடிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று உறுதியான பிறகே இரண்டாம் சுற்றைத் தொடங்கி, டிஸ்ட்ரக்டர்களை ஒவ்வொன்றாக இயக்கி ஸ்டாக்கைக் கலைத்துக்கொண்டு வரும். முதல் சுற்றில் யாரும் கிடைக்கவில்லை என்றால் எதுவும் கலைவதில்லை. நிரல் அங்கேயே டெர்மினேட் ஆகும். கோர் டம்ப்பைத் திறந்து பார்ப்பவருக்கு எறிந்த இடம் அப்படியே கிடைப்பது இந்த ஏற்பாட்டின் புண்ணியம். தரநிலை இதற்கு உத்தரவாதம் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷனுக்கு ஸ்டாக் கலைக்கப்படுமா இல்லையா என்பதை அது கம்பைலர்காரர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஆகவே, "என் டிஸ்ட்ரக்டர் ஓடியிருக்குமே, தற்காலிகக் கோப்பு அழிந்திருக்குமே" என்று எதிர்பார்ப்பவர் தன் கணினியில் கண்டதை மொழியின் வாக்காக எடுத்துக்கொள்கிறார்.

நம் க்யூசார்ட்டுக்கு இரண்டாவது கேள்வியால் தொல்லை இல்லை. சி மொழியில் கேட்ச் கிடையாது. முதல் கேள்விக்கு அது பதில் வைத்திருந்தே ஆக வேண்டும். கிராமத்து அடங்கலில் வழக்கு வரும் நிலத்துக்கு மட்டும் வரி எழுதுவதில்லை. ஒரு துண்டு விட்டுப்போனாலும் அதைத் தாண்டி எல்லை அளக்க முடியாது. ஈஎச் ஃப்ரேமும் அப்படித்தான். எறியாதவரும் பிடிக்காதவரும் தம் பக்கத்தை எழுதி வைத்திருக்க வேண்டும். ஒருவர் எழுதாமல் விட்டால் அன்வைண்டர் அவரிடம் வந்ததும் ஸ்டாக் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொள்கிறது. நாலு அடி தள்ளி மெயினில் காத்திருக்கும் கேட்ச் அதன் கண்ணுக்குத் தெரியாது.

ஜிலிப்சியின் மேக்ஃபைலில் இதற்கென்றே ஒரு மாறி உண்டு. பயனர் கொடுத்த ஃபங்ஷனைத் திருப்பிக் கூப்பிடும் கோப்புகளையெல்லாம் அதன் கீழ் கொண்டுவந்து, எக்ஸெப்ஷன் கடந்து போகும்படி கம்பைல் செய்கிறார்கள். க்யூசார்ட்டும் பிசர்ச்சும் அதில் அடக்கம். தரநிலையின் விலக்கு, பல வருடங்களாக யாரோ பொறுமையாகப் பராமரித்துவரும் மேக்ஃபைல் வரிகளின் மேல் நிற்கிறது. மசலின் கான்ஃபிகர் கோப்பிலோ நேர் எதிரான ஏற்பாடு. புதிய ஜிசிசி இந்த அட்டவணைகளை அகற்ற முடியாதபடி ஓடும் நிரலில் திணிக்கிறது என்று அங்கே ஒரு குறிப்பு எழுதி, அவற்றைத் தடுக்கும் ஆப்ஷன்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் நான் மசலைக் குறை சொல்ல மாட்டேன். அது ஒரு சி லைப்ரரி. சி தரநிலைக்குக் கட்டுப்படுகிறது. சி தரநிலையில் எக்ஸெப்ஷன் என்ற பேச்சே இல்லை. சின்னதாக இருப்பது அதன் பிறவி நோக்கம். சி++ தரநிலைதான் தனக்குச் சொந்தமில்லாத வீட்டைப் பற்றி வாக்குக் கொடுத்திருக்கிறது. இதே மசலை யார், எந்த ஆப்ஷனோடு கட்டினார் என்பதைப் பொறுத்து நிரலின் முடிவும் மாறலாம் என்பது தனித் தலைவலி. 32 பிட் ஆர்ம் பலகைகளில் அட்டவணையின் வடிவமே வேறு. அங்கே சி கோடுக்கு அன்வைண்ட் டேபிள் வேண்டும் என்று கம்பைலரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆப்பிள் 2009இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6இலிருந்து இன்னும் சுருக்கமான ஒரு வடிவத்தைத் தனக்கென வைத்துக்கொண்டது.

இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவிலும் ஒரு பொது ஒப்பந்தம் இருக்கிறது என்பதே ஆச்சரியம். சி++க்கு எக்ஸெப்ஷனை வடிவமைத்து கோனிக்கும் ஸ்ட்ரௌஸ்ட்ரப்பும் 1990இல் கட்டுரை வெளியிட்டபோது அது எப்படிப் பயணம் செய்யும் என்பதற்குப் பொது வழி இல்லை. சி++ஐ சி ஆக மாற்றித் தந்த ஆதி கம்பைலரான சிஃப்ரண்ட், 4.0 பதிப்பில் எக்ஸெப்ஷனைச் சேர்க்க முயன்று முடியாமல் 1993இல் கைவிடப்பட்டது. ஒவ்வொரு யூனிக்ஸ் நிறுவனமும் தனக்கொரு வழி வைத்திருந்தது. சன் கம்பைலரில் கட்டிய சி++ லைப்ரரியை ஜிசிசியில் கட்டிய நிரலோடு சேர்க்க முடியாது என்பதைச் சொலாரிஸில் வேலை செய்தவர்கள் அடிபட்டே கற்றார்கள். சிலர் செட்ஜம்ப், லாங்ஜம்ப் என்ற சி ஜோடியை வைத்தும் எக்ஸெப்ஷனைச் செய்தார்கள். அதில் அட்டவணை வேண்டாம். ட்ரைக்குள் நுழையும்போதெல்லாம், பிழை வந்தாலும் வராவிட்டாலும், ஒரு கூலி கொடுக்க வேண்டும்.

இன்று லினக்ஸ், பிஎஸ்டி, மேக் எல்லாவற்றிலும் ஓடும் இரண்டு சுற்று முறை, இட்டேனியம் என்ற ப்ராசஸருக்காக இன்டெல், எச்பி, எஸ்ஜிஐ, ரெட் ஹாட் போன்றவர்கள் கூடி எழுதிய ஏபிஐ என்ற ஒப்பந்தம். 2001 ஜூனில் வந்த ஜிசிசி 3.0 அதை மற்ற ப்ராசஸர்களுக்கும் எடுத்துக்கொண்டது. ஒரே ப்ராசஸரில் எச்பி-யூஎக்ஸும் லினக்ஸும் ஓடப்போகின்றன, லைப்ரரிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்ற வியாபார நிர்பந்தம் பெற்ற பிள்ளை அது. ப்ராசஸர் தோற்றது. இன்டெல் 2021இல் அனுப்புவதை நிறுத்தியது. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7 அதற்கான ஆதரவையே நீக்கியது. அதற்கென எழுதிய உடன்படிக்கையில், அந்தச் சில்லைக் கண்ணால் பார்த்திராத ஃபோன்கள் இன்று பிழைகளை எறிந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஒப்பந்தம் வழியைச் சொல்லிவிட்டது. போய்ச் சேர்ந்தவரை அடையாளம் காண்பது வேறு கதை. இந்தத் துறையில் ஆளைப் பைத்தியமாக்கும் பிழை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நிரல் சாகிறது. இன்ன வகையை எறிந்ததால் முடிந்தது என்று திரையில் வகையின் பெயரையும் சொல்கிறது. நம் கேட்ச்சில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர். பிழைத்திருத்தியில் நடந்து பார்த்தால் எக்ஸெப்ஷன் அந்த கேட்ச் வழியாகவே போயிருக்கிறது, நின்று பார்க்காமல்.

ஒவ்வொரு வகைக்கும் கம்பைலர் ஒரு டைப்இன்ஃபோ பொருளை உண்டாக்குகிறது. தலைப்புக் கோப்பு ஒன்றே என்றாலும், அதைச் சேர்த்துக் கட்டிய ஒவ்வொரு ஷேர்டு லைப்ரரியிலும் ஒரு பிரதி இருக்கலாம். லோடர் எல்லாவற்றையும் ஏற்றும்போது அந்தப் பிரதிகளை ஒன்றாக்கிவிடும் என்பது எல்ஃப் என்ற கோப்பு வடிவ உலகின் நம்பிக்கை. அதை நம்பி ஜிசிசி 3.0 இரண்டு வகைகள் ஒன்றா என்பதை முகவரியை வைத்தே முடிவு செய்தது. முகவரி ஒன்றென்றால் வகை ஒன்று. இந்த நம்பிக்கை இரண்டு இடங்களில் உடைகிறது. ப்ளக்இன்னை டிஎல்ஓபன் மூலம், அதன் சிம்பல்கள் வெளியே தெரியாதபடி ஏற்றினால் பிரதிகள் ஒன்றாவதில்லை. பைதான் தன் மாட்யூல்களை ஏற்றும் முறை இதுதான் என்பதால், பைதானுக்கு சி++ லைப்ரரி எழுதிய பலர் முதலில் இங்கே தடுக்கி விழுந்தார்கள். இரண்டாவது, ஜிசிசி 4.0 தந்த விசிபிலிட்டி ஆப்ஷன். எல்லாவற்றையும் மறைத்துத் தேவையானதை மட்டும் வெளிக்காட்டு என்று சொன்னது நல்ல யோசனை. லைப்ரரிகள் சிறுத்தன, வேகமாக ஏறின. எக்ஸெப்ஷன் வகையையும் சேர்த்து மறைத்துவிட்டால் அது எல்லை தாண்டியதும் அநாதை.

ஜிசிசி 4.5இலிருந்து முகவரியை விட்டுவிட்டுப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடத் தொடங்கியது. கொஞ்சம் மெதுவாக இருக்கும், பிழைக்கும். கிளாங் என்ற கம்பைலரோடு வரும் லிப்சி++ லைப்ரரி பொதுவாக இன்றும் முகவரியையே நம்புகிறது. ஆப்பிளின் 64 பிட் ஆர்மில் மட்டும், பெயரைச் சுட்டும் பாயிண்டரிலேயே ஒரு பிட்டை ஒதுக்கி, இந்த வகை தனிப்பட்டதா, பல பிரதிகள் இருக்கலாமா என்று குறித்து வைக்கிறார்கள். ஆகவே ஜிசிசி லைப்ரரியில் பிடிபட்ட எக்ஸெப்ஷன், லிப்சி++க்கு மாறியதும் தப்பித்து ஓடினால் கிளாங்கில் பிழை இருக்கிறது என்று எழுதுவதற்கு முன் பிரதிகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. எறிபடும் வகைகளை வெளியே தெரியும்படி விடுவதும், அவற்றின் முதல் விர்ச்சுவல் ஃபங்ஷனை ஒரே ஒரு லைப்ரரிக்குள் எழுதி வைப்பதும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் மருந்து.

இன்னும் கீழே போனால், எறியப்படும் ஒவ்வொரு எக்ஸெப்ஷனின் நெற்றியிலும் எட்டு பைட் முத்திரை ஒன்று உண்டு. அந்த எட்டுக்குள் ஜிசிசியின் லைப்ரரி க்னூ என்றும், கிளாங்கைத் தரும் எல்எல்விஎம்மின் லைப்ரரி கிளாங் என்பதன் சுருக்கத்தையும் எழுதுகின்றன. ஒரே நிரலில் இரண்டும் கலந்து ஓடினால் ஒன்று எறிந்தது மற்றதற்கு அந்நியம். வகை பார்த்துப் பிடிக்காது. எதையும் பிடிக்கும் மூன்று புள்ளி கேட்ச் மட்டுமே பிடிக்கும். ஃப்ரீபிஎஸ்டி 10 கிளாங்குக்கும் லிப்சி++க்கும் மாறிய பின், ஃபோர்ட்ரான் போன்றவற்றுக்காக ஜிசிசியைத் தனியே நிறுவியவர்கள் இன்னொரு வகைக் கலப்படத்தைக் கண்டார்கள். அமைப்போடு வந்த லிப்ஜிசிசி முதலில் ஏறிக்கொள்ள, புதியதைத் தேடிய லைப்ரரி "இந்தப் பதிப்பு இல்லை" என்று மறுத்தது. இத்தகைய இடங்களில் நான் மூலநிரலைத் திறப்பதே இல்லை. முதலில், ஏறும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளை. எந்த அன்வைண்டர், எந்த சி++ லைப்ரரி, எத்தனை பிரதி. பாதிச் சங்கதி அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

எல்லாப் பிழையும் எக்ஸெப்ஷன் ஆவதில்லை. ஜாவா படித்துவிட்டு சி++க்கு வருபவர்கள் பூஜ்யத்தால் வகுப்பதை ட்ரைக்குள் வைத்துப் பிடிக்கப் பார்ப்பதுண்டு. சி++ அதை எக்ஸெப்ஷனாக மாற்றித் தருவதில்லை. இன்டெல்லில் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் ப்ராசஸர் கூச்சல் போடும், கெர்னல் சிக்எஃப்பிஇ அனுப்பும், நிரல் விழும். 64 பிட் ஆர்மில் வகுத்தல் கட்டளை சத்தமில்லாமல் பூஜ்யத்தை விடையாகக் கொடுக்கும். ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறிய பிறகு, பழைய மேக்கில் விழுந்த நிரல் புதிய மேக்கில் தப்பான விடையோடு சிரித்துக்கொண்டு ஓடுவதைக் காணலாம். விழுவதே மேல்.

மூன்று புள்ளி கேட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் பிடித்து விழுங்கிவிட்டால் நிரல் உறுதியாகிவிடும் என்று எண்ணி அதை எழுதுகிறவர்கள் லினக்ஸில் த்ரெட்டை ரத்து செய்து பார்க்க வேண்டும். ஜிலிப்சி ஒரு த்ரெட்டை ரத்து செய்யும்போது அதையும் எக்ஸெப்ஷன் போலவே, அதே அன்வைண்டரைக் கொண்டு, ஸ்டாக் முழுக்க நடத்திச் செல்கிறது. டிஸ்ட்ரக்டர்கள் ஓடட்டும், பூட்டுகள் திறக்கட்டும் என்ற நல்லெண்ணம். நடுவில் மூன்று புள்ளி கேட்ச் அதைப் பிடித்து மறுபடி எறியாமல் விட்டால், எக்ஸெப்ஷன் திரும்ப எறியப்படவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு மொத்த நிரலையும் கொன்றுவிடும். சி++11க்குப் பிறகு டிஸ்ட்ரக்டர்கள் எறியக் கூடாதவை ஆகிவிட்டதால், டிஸ்ட்ரக்டருக்குள் ஏதோ கோப்பை மூடிக்கொண்டிருக்கும்போது ரத்து வந்தாலும் டெர்மினேட்தான். மசலில் இந்த நடை கிடையாது. பதிவு செய்து வைத்த க்ளீனப் ஃபங்ஷன்கள் மட்டும் ஓடும். சி++ டிஸ்ட்ரக்டர்கள் ஓடா. பூட்டு பூட்டியபடியே கிடக்கும். ஒன்றில் நிரல் சத்தமாகச் சாகிறது, மற்றதில் சத்தமின்றி உறைகிறது. த்ரெட் ரத்து என்ற வசதியையே தொடாமலிருப்பது என் வழக்கம்.

ஜிலிப்சிக்கு இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த நடைக்கு வேண்டிய அன்வைண்டர் அதனுள் இல்லை. ஜிசிசியின் லைப்ரரியில் இருக்கிறது. தேவைப்படும் நேரத்தில் ஜிலிப்சி அதைத் தேடி ஏற்றுகிறது. அளவைக் குறைக்க எல்லாவற்றையும் வெட்டியெறிந்த கண்டெய்னரில் அது இல்லையென்றால், த்ரெட் ரத்து வேலை செய்ய இந்த லைப்ரரி நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நிரல் விழுகிறது. எல்டிடி கட்டளை அந்தச் சார்பைக் காட்டியிருக்காது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எறியும் ஒவ்வொரு முறையும் எந்த முகவரி எந்த லைப்ரரிக்குச் சொந்தம் என்று லோடரிடம் கேட்க வேண்டியிருந்தது, அதற்கு ஒரு பொதுப் பூட்டு வேண்டியிருந்தது, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் எறிந்தால் வரிசையில் நின்றன. தாமஸ் நோய்மன் 2022இல் சி++ குழுவுக்கு இதை விரிவாக எழுதினார். அதே ஆண்டு வந்த ஜிலிப்சி 2.35உம் ஜிசிசி 12உம் சேர்ந்து, ஏற்கெனவே ஏற்றப்பட்ட லைப்ரரிகளைப் பூட்டின்றித் தேடும் வழியைக் கொடுத்தன. இரண்டில் ஒன்று பழையது என்றால் பழைய வரிசைதான்.

எல்லை தாண்டும் பிரச்சினைக்கு மொழிக்குள்ளேயே பதில் தேடியதில் ரஸ்ட் ஒரு படி முன்னே போயிருக்கிறது என்று நினைக்கிறேன். 2023இல் வந்த 1.71 பதிப்பு, அன்வைண்டிங் கடந்து போகலாம் என்பதை ஃபங்ஷனின் கையெழுத்திலேயே எழுத வழி செய்தது. 2024இல் வந்த 1.81 முதல், அப்படி எழுதாத சி எல்லையை, ரஸ்ட்டில் எறிதலுக்குச் சமமான பேனிக் தாண்ட முயன்றால் எல்லையிலேயே அபார்ட். எந்த லைப்ரரி அட்டவணை வைத்திருக்கிறது, எது வைத்திருக்கவில்லை என்ற சூதாட்டம் அதோடு முடிகிறது. சி++இல் இதை நாமே கையால் செய்ய வேண்டும்: சி கூப்பிடும் ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் பிடித்து, ஒரு எண்ணாக மாற்றி, அந்தப் பக்கம் போய் மறுபடி எறிவது. அலுப்பான வேலைதான். க்யூசார்ட் போன்றவற்றுக்கு அந்த எண்ணைத் திருப்பித் தரவும் இடமில்லை.

இதுவரை சொன்னவை எறிந்தது வழி தவறும் கதைகள். எறியப்படாமலே போகும் எக்ஸெப்ஷன் ஒன்று இருக்கிறது. நினைவகம் தீர்ந்தால் நியூ ஆபரேட்டர் பேட் அலாக் எறியும் என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. சொலாரிஸில் அது உண்மை. கேட்ட நினைவகத்துக்கு ஸ்வாப்பில் இடம் ஒதுக்கிய பிறகே கெர்னல் சரி என்று சொல்லும். லினக்ஸின் இயல்பான அமைப்பு தாராளமானது. கேட்டதற்கெல்லாம் பெரும்பாலும் தலையாட்டிவிட்டு, நிரல் அந்தப் பக்கத்தை நிஜமாகத் தொடும்போதுதான் இடம் தேடும். அப்போது இல்லையென்றால் எறிய வழியில்லை, ஏனென்றால் நியூ எப்போதோ வெற்றியோடு முடிந்துவிட்டது. கெர்னலின் ஓஓஎம் கில்லர் வரும், யாரையாவது சிக்கில் என்ற சிக்னல் அனுப்பிக் கொல்லும். பேட் அலாக்குக்காக எழுதிய கேட்ச் அழகாக இருக்கும், ஓடாது.

இருந்தாலும் ஜிசிசியின் சி++ லைப்ரரி முன்னேற்பாடாக இருக்கிறது. எக்ஸெப்ஷனை எறியவே கொஞ்சம் நினைவகம் வேண்டும். நினைவகம் இல்லை என்று சொல்ல நினைவகம் இல்லாமல் போகக் கூடாதே. ஆகவே ஜிசிசி 5இலிருந்து நிரல் தொடங்கும்போதே ஓர் அவசரக் கையிருப்பை ஒதுக்கி வைக்கிறது. 64 பிட் லினக்ஸில், நினைவகக் கசிவைத் தேடும் வால்கிரைண்டின் பழைய பதிப்புகளில் ஓட்டியபோது 72,704 பைட் விடுவிக்கப்படாமல் நிற்பதாகக் காட்டிய அந்த ஒதுக்கீடு இதுதான். தங்கள் நிரலில் கசிவு என்று எண்ணித் தேடியலைந்தவர்கள் ஏராளம். ஜிசிசி 13 முதல் ஒரு சூழல் மாறியால் அதைச் சுருக்கலாம், பூஜ்யமாகவும் ஆக்கலாம். ஆக்குவதற்கு முன் நிரல் எங்கே ஓடப்போகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. போஸ்ட்கிரெஸ் ஆவணங்கள் டேட்டாபேஸ் சர்வர்களுக்கு, லினக்ஸின் அந்தத் தாராளத்தைக் கட்டுப்படுத்தும் ஓவர்கமிட் அமைப்பை 2 என்று வைக்கப் பரிந்துரைக்கின்றன. அப்படி வைத்த லினக்ஸில் கெர்னல் கணக்குப் பார்த்தே கொடுக்கும், இல்லையென்றால் மறுக்கும். அதே கணினியில் பக்கத்தில் ஓடும் சி++ நிரலுக்கு அங்கே பேட் அலாக் வரும்.